கரைப்பான் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பெங்களூரில், பொம்மசந்திரா – ஜிகணி பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சி லேபில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களில் பாதிப் பேர் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். லேப் கோட் மாட்டிக்கொண்டு வரும்போதே கேள்வியும் கூட வரும். "அக்கா, நேத்து வந்த ஸ்பாட் இன்னிக்கு வரல." "அக்கா, ரெண்டு லேயரும் பிரியவே மாட்டேங்குது." கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி அதேதான். பதில்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

போலாரிட்டிக் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாட்டிலிலேயே இருந்திருக்கிறது. ஈரம் ஏறிய பாட்டில், மூடி திறந்து கிடந்த ஜார், லேபிளில் சின்ன எழுத்தில் ஏதோ சேர்த்திருக்கிற குளோரோஃபார்ம். விகிதத்தை மாற்றத் தோன்றும்போது முதலில் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும், செலவு பிடிக்கிறதைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியில் முனைவுத்தன்மை என்று படித்ததைத்தான் லேபில் போலாரிட்டி என்கிறோம். பிளேட் என்பது சிலிக்கா பூசிய சின்ன அட்டை. அதன் அடியில் பொருளைப் புள்ளியாக (ஸ்பாட்) வைத்து, கொஞ்சம் கரைப்பான் உள்ள ஜாரில் நிறுத்தினால், கரைப்பான் ஏறும்போது ஸ்பாட்டும் ஏறும். கரைப்பான் ஏறிய தூரத்தில் ஸ்பாட் ஏறிய பங்குதான் ஆர்.எஃப். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயை வாய்ப்பேச்சில் 'காலம்' என்போம். எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள், அதனால் இங்கே குழாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் ஒரு வரிசை

சிலிக்கா மேல் ஸ்பாட்டை மேலே தள்ளும் பலம், குறைவிலிருந்து கூடுதலாக: ஹெக்சேன், டொலுயீன், குளோரோஃபார்ம், டி.சி.எம். (டைகுளோரோமீத்தேன்), டைஎதில் ஈத்தர், எதில் அசிட்டேட், அப்புறம் டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்), அசிட்டோநைட்ரைல், அசிட்டோன் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே மெத்தனால்.

இதை மின்கடத்தா மாறிலி அட்டவணையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். அந்த எண்ணில் டி.சி.எம். சுமார் 9, எதில் அசிட்டேட் 6, டைஎதில் ஈத்தர் 4.3. எண்ணை நம்பினால் டி.சி.எம். தான் பலசாலி. பிளேட்டில் எதில் அசிட்டேட்டும் ஈத்தரும் அதை முந்திவிடும். சிலிக்கா மேலே முழுக்க ஓ.எச். குழுக்கள் இருக்கின்றன. அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட ஆக்சிஜன் வைத்திருக்கிற கரைப்பானுக்குத்தான் அங்கே மரியாதை. அசிட்டோநைட்ரைல் (37) மெத்தனாலைவிட (33) எண்ணில் பெரியது, பிளேட்டில் மெத்தனால்தான் அதிகம் தள்ளும். ஸ்னைடர் குறியீட்டை (போலாரிட்டிக்கு இன்னொரு அளவு) எடுத்தால் குளோரோஃபார்ம் 4.1, டி.சி.எம். 3.1, அதாவது அது வேறொரு வரிசை. பிளேட்டுக்கும் குழாய்க்கும் மேலே சொன்ன வரிசை. உப்பு கரையுமா, அயனி பிரியுமா என்று பார்க்கும்போது மின்கடத்தா எண்.

## நேற்று வந்த ஆர்.எஃப். இன்று வரவில்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். எப்போது மாறியது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### காலையில் சரி, மதியத்துக்குள் ஸ்பாட் மேலே ஏறிவிட்டது

ஜாரைப் பாருங்கள். 4:1 ஹெக்சேன் – எதில் அசிட்டேட்டைக் காலையில் கலந்து, மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு வேலை பார்த்தால், இரண்டில் வேகமாக ஆவியாவது ஹெக்சேன். மிச்சம் இருப்பதில் எதில் அசிட்டேட் பங்கு கூடிவிடும், ஸ்பாட்டும் ஏறும். டி.சி.எம். – மெத்தனாலில் இது இன்னும் கடுமை. டி.சி.எம். 40 டிகிரியில் கொதிப்பது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே சுமார் 3 டிகிரி முன்னாலேயே கொதிக்கும். ஏப்ரல் மதியத்தில் ஏ.சி. இல்லாத அறையில் வாஷ் பாட்டில் தானாகவே துப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அறையில் திறந்து வைத்த 5 சதவீத மெத்தனால் ஜார் மூன்று மணிக்கு 5 சதவீதமாக இருக்காது.

சோதனை: புதிதாக 10 மில்லி கலந்து, அதே பிளேட் அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஓட்டுங்கள். பழைய இடத்துக்கு ஸ்பாட் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை ஜாரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும் பழக்கம் போதும்.

### ஓட்டத்துக்கு ஓட்டம் மேலும் கீழும் ஆடுகிறது

ஜாருக்குள் ஆவி நிறையவில்லை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு வடிதாளைச் சாய்த்து வைத்து, கரைப்பானில் நனைத்து, மூடி 5 நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் பிளேட்டை இறக்குங்கள். முன் கோடு ஒரு பக்கம் உயர்ந்து ஓடுவதும் பெரும்பாலும் இதில் நின்றுவிடும்.

### மழை தொடங்கியதிலிருந்து எல்லா ஸ்பாட்டும் மேலே

பிளேட் ஈரம் குடித்திருக்கிறது. சிலிக்கா தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பொருளைப் பிடிக்க இடம் குறைகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை எங்கள் லேபில் திறந்த டப்பாவில் கிடக்கும் பிளேட்டுகள் எல்லாம் இப்படித்தான். 110 டிகிரி சூட்டடுப்பில் (ஓவன்) அரை மணி நேரம் வைத்து, டெசிக்கேட்டரில் ஆறவிட்டு, சுட்ட பிளேட் ஒன்றையும் சுடாத பிளேட் ஒன்றையும் ஒரே ஜாரில் பக்கம் பக்கமாக ஓட்டுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சூடாக இருக்கும்போதே ஸ்பாட் வைக்க வேண்டாம்.

### புது பாட்டில் திறந்த நாளிலிருந்து மாறிவிட்டது

என்னை மூன்று நாள் சுற்றவிட்டது இது. குளோரோஃபார்மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள், ஆர்.எஃப். 0.25 வந்துகொண்டிருந்தது, ஒரு திங்கட்கிழமை 0.4க்குப் போய்விட்டது. பிளேட்டை மாற்றினேன், ஜாரைக் கழுவினேன், வினையிலேயே வேறு ஏதோ உருவாகிவிட்டதோ என்று மாஸ் (மூலக்கூறு எடை பார்க்கும் சோதனை) எடுக்கவும் அனுப்பினேன். புதன்கிழமை சாயங்காலம் குப்பைப் பெட்டியிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, புதிதின் பக்கத்தில் வைத்து இரண்டு லேபிளையும் வரி வரியாகப் படித்தேன். பழையதில் நிலைநிறுத்தியாக அமைலீன் சேர்த்திருந்தார்கள். புதியதில் எத்தனால், சுமார் 1 சதவீதம். பெயர் ஒன்று, தரம் ஒன்று, மூடியின் நிறம்கூட ஒன்று. அந்த ஒரு சதவீத எத்தனாலே ஸ்பாட்டைத் தூக்கிவிடப் போதும்.

குளோரோஃபார்ம் காற்றும் வெளிச்சமும் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகச் சிதையும். அதைத் தடுக்கத்தான் இவற்றைச் சேர்க்கிறார்கள், ஆகவே நிலைநிறுத்தி இருப்பதில் தவறில்லை. எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எத்தனால் இல்லாமல் வேண்டுமென்றால், தேவையான அளவை மட்டும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். கழுவியதைச் சேமித்து வைக்கக் கூடாது. டி.சி.எம். பாட்டிலிலும் இதே கதை உண்டு. சிலதில் அமைலீன், சிலதில் மெத்தனால்.

புது பாட்டிலில் பார்க்க வேண்டிய வேறு மூன்று:

'பெட் ஈத்தர்' கேட்டு டைஎதில் ஈத்தர் வந்திருக்கிறதா? பெட்ரோலியம் ஈத்தருக்கும் ஈத்தருக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அது ஹெக்சேன் மாதிரி வெறும் ஹைட்ரோகார்பன் கலவை. முதல் வருடப் பிள்ளைகள் நோட்டில் 'ஈத்தர்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள், அடுத்து வருபவர் டைஎதில் ஈத்தரை ஊற்றுவார், எல்லா ஸ்பாட்டும் கூரைக்குப் போய்விடும். 40–60, 60–80 என்று கொதிநிலை எண் போட்டிருந்தால் அது பெட் ஈத்தர்.

எதில் அசிட்டேட் பாட்டிலில் வினிகர் வாடை அடிக்கிறதா? மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும், மூக்கைக் கொண்டுபோய் முகர வேண்டாம். பழைய பாட்டில் ஈரத்தோடு சேர்ந்து சிதைந்து அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் ஆகியிருக்கும். அமிலத்துக்கு அசையும் பொருள் வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

டி.எச்.எஃப். பயன்படுத்தினால் யூ.வி. விளக்கில் மேலே புதிதாக ஒரு ஸ்பாட் தெரிகிறதா? அது அதில் நிலைநிறுத்தியாகச் சேர்க்கிற பி.எச்.டி. (BHT) என்ற பொருளாக இருக்கும். சும்மா டி.எச்.எஃப். ஒரு சொட்டை மட்டும் தனியாக ஸ்பாட் வைத்துப் பாருங்கள்.

### இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லை

இங்கேதான் செலவு ஆரம்பம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு 20 மில்லி மாதிரி அனுப்பி, கார்ல் ஃபிஷரில் தண்ணீர் அளவும், ஜி.சி.யில் (வாயு குரோமட்டோகிராஃபி) கலப்படமும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி லேபில் இருந்தால் வேறொரு லாட் எண் பாட்டிலைக் கடன் வாங்கி ஓட்டிப் பார்ப்பது மலிவு. லாட் மாறியதும் சரியானால் விற்றவரிடம் லாட் எண்ணோடு புகார் எழுதுங்கள்.

## எல்லாம் கீழேயே உட்கார்ந்திருக்கிறது, அல்லது எல்லாம் மேலே ஓடிவிட்டது

இது நேரான விஷயம். கீழே நின்றால் போலாரிட்டியைக் கூட்டுங்கள், மேலே ஓடினால் குறையுங்கள். ஆனால் கூட்டுவது சமமாக வேலை செய்யாது. ஹெக்சேனில் எதில் அசிட்டேட்டை 0-விலிருந்து 10 சதவீதம் ஆக்கினால் ஸ்பாட் பெரிதாக நகரும். 60-ஐ 70 ஆக்கினால் பார்த்தாலும் தெரியாது. அதனால் கீழ்ப்பக்கம் 5, 10, 20 என்று சின்ன அடியாகவும், மேல்பக்கம் 50, 100 என்று பெரிய அடியாகவும் வையுங்கள்.

முழு எதில் அசிட்டேட்டிலும் அசையவில்லையென்றால் டி.சி.எம். – மெத்தனாலுக்கு மாறுங்கள், 2 சதவீதத்தில் தொடங்கி. அதில் 10 சதவீதத்திலும் அசையவில்லையென்றால் உங்கள் பொருள் உப்பாக இருக்கலாம். அமீனா, அமிலமா என்று முதலில் யோசியுங்கள்.

குழாய்க்குப் போகும் முன் ஆர்.எஃப். 0.25 – 0.35க்குள் கொண்டுவந்துவிடுங்கள். 1978இல் கிளார்க் ஸ்டில் குழுவினர் ஃபிளாஷ் முறையை (அழுத்தம் கொடுத்துக் குழாயை வேகமாக ஓட்டுவது) எழுதியபோது சொன்னது 0.35. இன்றைக்கும் அதுவே போதும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்பாட், பிரியவே இல்லை என்றால் விகிதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். கரைப்பான் ஜோடியையே மாற்றுங்கள். ஹெக்சேன் – எதில் அசிட்டேட்டில் ஒட்டிக்கொண்டு நிற்பவை, டொலுயீன் – அசிட்டோனிலோ டி.சி.எம். – ஈத்தரிலோ விலகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பலம் ஒன்றாக இருந்தாலும் பிடிக்கிற விதம் வேறு.

## ஸ்பாட் வால் மாதிரி இழுக்கிறது

முதலில் அளவு. கேப்பிலரியில் ஒரு முறை தொட்டால் போதுமானதை ஐந்து முறை தொட்டிருப்பீர்கள். பத்து மடங்கு நீர்க்கவைத்து ஓட்டுங்கள். பாதி வால் இதிலேயே போய்விடும்.

போகவில்லையென்றால், அமீன் உள்ள பொருளுக்கு ஜாரில் 1 சதவீதம் ட்ரைஎதிலமீன், கார்பாக்சிலிக் அமிலத்துக்கு 1 சதவீதம் அசிட்டிக் அமிலம். இரண்டையும் ஒன்றாக ஊற்ற வேண்டாம்.

வினை டி.எம்.எஸ்.ஓ. (டைமெதில் சல்ஃபாக்சைடு) அல்லது டி.எம்.எஃப்.-இல் (டைமெதில் ஃபார்மமைடு) நடந்ததா? அப்படியானால் ஸ்பாட்டில் அந்தக் கரைப்பானே உட்கார்ந்திருக்கும். டி.எம்.எஸ்.ஓ. 189 டிகிரியில் கொதிப்பது, காற்றில் உலரவே உலராது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டு வினைக்கலவை, பத்துச் சொட்டு தண்ணீர், பத்துச் சொட்டு ஈத்தர் போட்டுக் குலுக்கி, மேல் அடுக்கை மட்டும் ஸ்பாட் வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, பொருளே சிலிக்காவில் சிதைகிறதா என்று பாருங்கள். சதுரமான பிளேட்டின் ஒரு மூலையில் ஸ்பாட் வைத்து, ஒரு பக்கம் ஓட்டி, உலர்த்தி, பிளேட்டைத் திருப்பி அதே கரைப்பானில் மறுபக்கம் ஓட்டுங்கள். எல்லா ஸ்பாட்டும் மூலைவிட்டக் கோட்டிலேயே இருந்தால் பொருள் பத்திரம். கோட்டை விட்டு விலகி ஏதாவது தெரிந்தால் பிளேட்டிலேயே உடைகிறது. அந்தப் பொருளைச் சிலிக்கா குழாயில் போடாதீர்கள், அனுபவப்பட்டவரிடம் அலுமினா அல்லது படிகமாக்கல் பற்றிக் கேளுங்கள்.

## இரண்டு கரைப்பானைக் கலந்ததும் கலங்குகிறது, அல்லது இரண்டாக நிற்கிறது

ஹெக்சேனோடு மெத்தனால், அசிட்டோநைட்ரைல், டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. இந்த நான்கில் எதையும் சம அளவில் ஊற்றினால் பிரிந்து நிற்கும். மெத்தனால் – ஹெக்சேன் கொஞ்சம் சூடாக்கினால் கலந்துவிடும், ஆறினால் மறுபடி பிரியும். அதனால் மதியம் கலந்து தெளிவாக இருந்தது டிசம்பர் காலையில் இரண்டு அடுக்காக நிற்பதும் உண்டு. மெத்தனாலில் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். நடுவில் இரண்டோடும் சேர்கிற ஒன்றை விடுங்கள்: எதில் அசிட்டேட் அல்லது ஐசோபுரோப்பனால்.

இந்தப் பிரிவையே வேலைக்கும் பயன்படுத்தலாம். பொருள் அசிட்டோநைட்ரைலில் கரைந்திருக்கிறது, எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருக்கிறது என்றால், ஹெக்சேனில் இரண்டு முறை குலுக்கி மேலடுக்கை எறிந்துவிடுங்கள். சிலிகோன் கிரீஸ் கூட அதோடு போய்விடும்.

கலக்க வேண்டிய ஜோடி கலங்கினால் தண்ணீர்தான் காரணம். டி.சி.எம். பால் மாதிரி மங்கினால் உலர்ந்த சோடியம் சல்பேட் ஒரு கரண்டி போட்டுச் சுழற்றுங்கள். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, கொஞ்சம் கூடப் போடுங்கள். மணல் மாதிரி தனித்தனியாக ஆடினால் போதும்.

## பிரிபுனலில் அடுக்கு பிரியவில்லை

### நடுவில் நுரை மாதிரி நிற்கிறது

முதலில் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள். அடுத்து செறிவான உப்புக் கரைசல். 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் உப்பு வரை ஏற்கும். அது தண்ணீர்ப் பக்கத்தை இன்னும் போலார் ஆக்கி, நடுவில் சிக்கிய கரைப்பானை வெளியே தள்ளும். அதற்கும் அசையவில்லையென்றால் மொத்தத்தையும் செலைட் (வடிகட்ட உதவும் தூள்) படுக்கை வழியாக உறிஞ்சி வடிகட்டுங்கள். பெரும்பாலும் நுண்ணிய தூள்தான் நுரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

### அடுக்கே தெரியவில்லை, ஒரே திரவமாக இருக்கிறது

வினையில் டி.எச்.எஃப்., மெத்தனால், அசிட்டோன், அசிட்டோநைட்ரைல் இருந்ததா? இவை தண்ணீரோடும் சேரும், உங்கள் கரைப்பானோடும் சேரும், நடுவில் நின்று இரண்டையும் இணைத்துவிடும். புனலுக்கு வரும் முன் ரோட்டாவில் (குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) அவற்றை வாங்கிவிட வேண்டும். மறந்துவிட்டால் இப்போது உப்பும் கூடுதல் எதில் அசிட்டேட்டும் போட்டுக் காப்பாற்றலாம். எதில் அசிட்டேட்டே 100 மில்லி தண்ணீரில் சுமார் 8 கிராம் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். 15 மில்லி எதில் அசிட்டேட்டை 200 மில்லி தண்ணீரோடு குலுக்கினால் மேலே எதுவும் தங்காது. பிள்ளைகள் அப்போது முகம் வெளுத்து நிற்பார்கள். பொருள் எங்கும் போகவில்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

### எது எந்த அடுக்கு என்று சந்தேகம்

டி.சி.எம். (அடர்த்தி 1.33), குளோரோஃபார்ம் (1.49) கீழே. எதில் அசிட்டேட் (0.90), ஈத்தர் (0.71), ஹெக்சேன் (0.66) மேலே. இது எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுகிற இடம் கலவை. டி.சி.எம்.-ம் எதில் அசிட்டேட்டும் பாதிக்குப் பாதி இருந்தால் அடர்த்தி 1.1 சுற்றி வரும். சாதாரணத் தண்ணீருக்குக் கீழே போகும். செறிவான உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2, அதற்கு மேலே மிதக்கும். முதல் கழுவலில் கீழே இருந்தது இரண்டாவது கழுவலில் மேலே வந்துவிடும். பழக்கத்தில் கீழ் அடுக்கை எடுத்து, மேல் அடுக்கை ஊற்றிவிட்டவர்கள் எங்கள் லேபிலேயே இருக்கிறார்கள்.

சோதனை சுலபம். புனலின் மேலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். மேலடுக்கில் மறைந்தால் மேலே இருப்பது தண்ணீர். உருண்டையாகக் கீழே இறங்கிப் போனால் மேலே இருப்பது கரைப்பான். அது எதுவாக இருந்தாலும், பிளேட்டில் பொருளைக் கண்ணால் பார்க்கும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

## கரையவே மாட்டேன் என்கிறது

டி.எம்.எஸ்.ஓ.வை எடுக்கும் கையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அது எல்லாவற்றையும் கரைக்கும், அப்புறம் விட்டுப் போகாது. ஒரு குப்பிக்கு 5 மில்லிகிராம் வீதம் பிரித்து, ஹெக்சேன், டொலுயீன், எதில் அசிட்டேட், டி.சி.எம்., அசிட்டோன், மெத்தனால் என்று வரிசையாக அரை மில்லி விட்டுப் பாருங்கள். எதிலும் கரையவில்லையென்றால் டி.சி.எம்.-இல் ஐந்து அல்லது பத்து சதவீத மெத்தனால் சேர்த்த கலவை. தனித்தனியாகக் கரைக்காத இரண்டு சேர்ந்து கரைத்துவிடும். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

டி.எம்.எஸ்.ஓ. தவிர வழியில்லையென்றால், எடுக்கும்போது ஐந்திலிருந்து பத்து மடங்கு தண்ணீர் ஊற்றி, எதில் அசிட்டேட்டில் வாங்கி, அந்த எதில் அசிட்டேட்டை மறுபடி தண்ணீரில் மூன்று நான்கு முறை கழுவுங்கள். கையுறை கட்டாயம். தோல் வழியாகத் தான் புகுவதோடு, தன்னில் கரைந்திருப்பதையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகும்.

வினையில் சோடியம் அசைடு இருந்தால் டி.சி.எம்., குளோரோஃபார்ம் இரண்டையும் எந்தக் கட்டத்திலும் கொண்டுவரக் கூடாது. வெடிக்கும் பொருள் உருவாகும். இதில் சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை.

### டி.எம்.எஸ்.ஓ. பாட்டில் கல்லாகிவிட்டது

டிசம்பர், ஜனவரியில் வருடா வருடம் வருவது. ஒரு தடவை தர்மபுரிப் பிள்ளை ஒருத்தி ஸ்வெட்டரோடு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வெள்ளையாக, பனிக்கட்டி மாதிரி, ஆடாமல் நின்றது. "அக்கா, இது கெட்டுப்போச்சு போல, புதுசு கேட்கட்டுமா?" கெடவில்லை. டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். பெங்களூர்க் காலைகள் அந்த மாதங்களில் அதற்குக் கீழே போகின்றன. மூடியை இறுக்கி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். முழுவதும் உருகிக் கலந்த பிறகே எடுங்கள். பாதி உருகிய நிலையில் எடுத்தால் தண்ணீர் அதிகம் சேர்ந்த பகுதிதான் முதலில் வரும். புது பாட்டில் 20 டிகிரியிலும் உறையாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 12 டிகிரி அறையில் இரவு முழுக்கக் கிடந்தும் உறையாத பழைய பாட்டில் தண்ணீர் குடித்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

## பிளேட்டில் அழகாகப் பிரிந்தது, குழாயில் பிரியவில்லை

பொருளை எதில் கரைத்துக் குழாயில் ஊற்றினீர்கள்? மெத்தனாலிலோ அசிட்டோனிலோ கரைத்து ஹெக்சேன் குழாயின் தலையில் விட்டால், அந்தக் கொஞ்சம் மெத்தனாலே பொருளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்துப் பரப்பிவிடும். ஓட்டும் கரைப்பானிலேயே கரையவில்லையென்றால், வேறொன்றில் கரைத்து இரண்டு மூன்று மடங்கு சிலிக்காவோடு கலந்து, ரோட்டாவில் உலர்த்தி, பொடியாக மேலே போடுங்கள்.

குழாயில் விரிசலோ குமிழோ வந்தால், போலாரிட்டியை ஒரே தாவலாகக் கூட்டியிருப்பீர்கள். சிலிக்கா மேல் மெத்தனால் ஒட்டும்போது சூடு வெளிப்படும். அந்தச் சூட்டில் டி.சி.எம். கொதித்துப் படுக்கையை உடைக்கும். 1, 2, 5 சதவீதம் என்று படியாக ஏற்றுங்கள். 10-ஐத் தாண்டினால் நுண்ணிய சிலிக்காவும் கூட வரத் தொடங்கும். கடைசியில் பொருளின் எடை நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தால், டி.சி.எம்.-இல் கரைத்து வடிகட்டி மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

## எச்.பி.எல்.சி. அழுத்தம் ஏறுகிறது

எச்.பி.எல்.சி. என்பது உயர் அழுத்தத்தில் கரைப்பானைத் தள்ளிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி. இதில் நான் சுருக்கமாகவே சொல்வேன். அசிட்டோநைட்ரைலிலிருந்து மெத்தனாலுக்கு மாறினீர்களா? தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி சேரும் இடத்தில் பாகுத்தன்மை உச்சத்தில் இருக்கும், அழுத்தம் ஏறுவது இயல்பு. பாஸ்பேட் பஃபரோடு அசிட்டோநைட்ரைல் பங்கைக் கூட்டினீர்களா? உப்பு வெளியே வந்து அடைக்கும். பஃபரையும் அசிட்டோநைட்ரைலையும் ஒரு சோதனைக் குழாயில் அதே விகிதத்தில் கலந்து மங்குகிறதா பாருங்கள். ஹெக்சேன் ஓடிய கருவிக்கு அசிட்டோநைட்ரைல் விடுவதற்கு முன் நடுவில் ஐசோபுரோப்பனால் ஓட்டினீர்களா? இந்த மூன்றும் இல்லையென்றால் பம்பைக் கழற்றாதீர்கள். சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

## நீங்கள் கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

கழிவு பாட்டில். ஹாலஜன் உள்ளவை தனி, இல்லாதவை தனி. குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரமும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் கடுமையாகச் சூடேறிப் பீறிடும். கழிவு பாட்டில் தொட்டால் சூடாக இருக்கிறது, உப்பியிருக்கிறது என்றால் மூடியைத் திறக்காமல், மற்றவர்களையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லுங்கள். நிறைந்த பாட்டில்களை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ள கழிவு நிறுவனம்தான் எடுக்க வேண்டும், சிங்க் வழியாக எதுவும் போகக் கூடாது.

பழைய ஈத்தர், டி.எச்.எஃப்., டைஐசோபுரோப்பைல் ஈத்தர். இவற்றில் நாளாக ஆக வெடிக்கும் பெராக்சைடு சேரும். திறந்த தேதியை பாட்டில் மேலேயே எழுதுங்கள். தேதி இருந்து, திரவம் தெளிவாக இருந்து, மூடி சுத்தமாக இருந்தால் பெராக்சைடு பட்டையை நனைத்துப் பார்க்கலாம். நிறம் மாறினால் ரோட்டாவில் வற்றவைக்கக் கூடாது. மூடியைச் சுற்றியோ அடியிலோ வெள்ளைப் படிகம் தெரிந்தால், அல்லது எப்போது திறந்தது என்று யாருக்குமே தெரியாத பாட்டில் அலமாரியின் பின்வரிசையில் கிடைத்தால், பட்டை சோதனையும் வேண்டாம். மூடியைத் திருகாதீர்கள், பாட்டிலை நகர்த்தாதீர்கள், குலுக்காதீர்கள். அலமாரிக் கதவில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டு, அறையைப் பூட்டி, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர் வரும் வரை சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.